சொல்விளையாட்டும் பொருள்துணிவும்

கருத்தைப் பிறர்க்கு அறிவித்தலே மொழியின் தலையாய தொழில். ஆயினும் அத்தொழில் முடிந்த அளவில் எம்மொழியும் ஓய்ந்திருப்பதில்லை. ஒரு சொல்லை இருபொருள்பட நிறுத்துதல், ஒரு தொடரை இறுதியினின்று மீட்டுப் படித்தல், ஓரெழுத்தை நீக்கியும் சேர்த்தும் வேறு சொல் காணுதல், பொருளை மறைத்து வினாவி விடை கேட்டல் ஆகிய இவை திண்ணைச் சிறுவரிடத்தும் உள்ளன, பெரும்புலவரிடத்தும் உள்ளன. தமிழில் இவை வெறும் பொழுதுபோக்காய் நின்றுவிடாது, இலக்கணம் வகுக்கப்பெற்று அணியெனப் பெயர் பெற்றன. அன்றியும், திருஞானசம்பந்தப் பெருமானார் அருளிய திருமுறையுள்ளும் இடம் பெற்றன.

ஈண்டு ஓர் ஐயம் நிகழ்கின்றது. மாலைமாற்று, ஏகபாதம், இயமகம் என்னும் பதிகங்களை ஓதும் அன்பர் பலர், அவற்றை வணங்கி வைத்துவிட்டுப் பொருள் எளிதில் விளங்கும் பதிகங்களுக்குச் சென்று விடுகின்றனர். சொல்லால் விளையாடுதற்கும் இறைவனை வழுத்துதற்கும் என்ன இயைபு என்பது அவர் உள்ளத்துள்ள வினா. வேறு சிலரோ, ஒரு சொல்லை எவ்வாறு வேண்டினும் பிரித்துப் பொருள் கொள்ளலாம் என்னும் உரிமையை இவற்றிலிருந்து பெற்று, அதனைச் சாத்திரத்தினும் செலுத்தித் தாம் விரும்பிய கொள்கையை வருவிக்கின்றனர். முன்னவர் இழப்பது இன்பம். பின்னவர் இழப்பது உண்மை. ஆதலின் இவ்விளையாட்டுக்களின் வகைகளையும், அவை நிற்றற்குரிய எல்லையையும் ஒருங்கு ஆராய்தல் பயனுடைத்து.

இதற்கு இடந்தரும் மொழியியல்பு

நன்னூலார் சொல்லைத் தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி என மூன்றாகப் பகுத்தனர். ஒன்றாய் நின்று ஒரு பொருளும், பிரிந்து நின்று வேறு பொருளும் தருவது பொதுமொழி. எட்டு, வேங்கை, தாமரை என்பன இதற்கு வழங்கும் எடுத்துக்காட்டுக்கள். எட்டு என்பது ஓரெண். எள் து எனப் பிரிப்பின் எள்ளை உண்பாயாக என்று பொருள்படும். வேங்கை என்பது மரமும் புலியும் ஆம். வேம் கை எனப் பிரிப்பின் வேகின்ற கையாம். தாமரை என்பது மலர்; தா மரை எனப் பிரிப்பின் தாவுகின்ற மான்.

புணர்ச்சியால் சொற்கள் ஒன்றோடொன்று கூடி ஒரே ஒலித்தொடராக நடப்பது தமிழின் இயல்பாதலின், இத்தகைய பொதுமொழிகள் நம் மொழியில் அளவின்றி வளர்கின்றன. பழைய ஏடுகளின் எழுத்துமுறை இதற்கு மேலும் இடந்தந்தது. ஓலையிற் சொற்களுக்கிடையே வெளி விடுதல் இல்லை. மெய்க்குப் புள்ளி இடுதலும் அரிது. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வடிவில் வேறுபாடு காட்டப்படவில்லை. காலும் ரகரமும் ஒத்திருந்தன. ஆகவே படிப்பவன் ஒவ்வோரடியிலும் சொல்லை வரையறுத்துக்கொண்டே செல்லவேண்டியவனாயினான். ‘அரியானை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. அரியவனை என்பது ஒரு பொருள். அரி யானை எனப் பிரிப்பின் சிங்கமும் யானையும் ஆகும். எது பொருந்தும் என்பதைச் சொல் தானே கூறாது. அதன் சூழலே கூறும்.

சிலேடை

ஒரு தொடர் ஒருங்கே இரண்டு பொருளைத் தருமாறு அமைத்தல் சிலேடையாம். 12-ஆம் நூற்றாண்டினதாகிய தண்டியலங்காரம் இதனைப் பொருளணிகள் 35-இனுள் ஒன்றாக வைத்து, செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இருவகைப்படுத்திற்று. சொல் பிரியாது நின்றே இருபொருள் தரின் செம்மொழி. பிரித்தாலன்றி இரண்டாம் பொருள் தோன்றாதாயின் பிரிமொழி. ஆறு என்பது நதியும், எண்ணும், வழியும் ஆம். ‘ஆறணிந்த பெருமான் நமக்கு ஆறு காட்டினான்’ என்னுமிடத்து, முதற்கண் வந்தது கங்கை. பின் வந்தது வீட்டுநெறி. இங்கே அச்சொல் இருமுறை வந்து பொருள் வேறாயிற்று. அஃது ஒருமுறையே வந்து அவ்விரண்டனையும் ஒருங்கு உணர்த்துமாயின் அது செம்மொழிச் சிலேடையாம்.

15-ஆம் நூற்றாண்டினரான காளமேகப் புலவர் இவ்வகையிற் பெயர் பெற்றவர். பாம்பும் வாழைப்பழமும், பாம்பும் எள்ளும், நாயும் தேங்காயும் என ஒன்றற்கொன்று தொடர்பே இல்லாதவற்றைத் தேர்ந்து, இரண்டிற்கும் பொருந்தும் அடைகளால் வெண்பா யாத்தனர். பாம்பின்கண் நஞ்சென்றது விடத்தை. பழத்தின்கண் அது ‘நைந்து’ என்பதன் பேச்சுவழக்கு. கற்றோர் மொழியையும் மற்றோர் மொழியையும் ஒருங்கே ஆளவல்ல நாவே இதற்கு வேண்டும். பிற்காலத்துத் தொட்டிக்கலைச் சுப்பிரமணிய முனிவர் கலைசைச் சிலேடை வெண்பா என ஒரு நூல் முழுமையுமே இவ்வணியால் இயற்றித் தம் தலத்தை ஏத்தினர். மாணிக்கவாசகரின் திருக்கோவையார், சொல்லளவில் சிலேடையன்றாயினும், 400 செய்யுளும் புறத்தே அகப்பொருள் நிகழ்ச்சியும் அகத்தே பேரின்பப் பொருளும் தரும் என்று பெரியோர் கொள்வர். அங்கே இருபொருள் நிற்பது சொற்களில் அன்று. நூலின் போக்கு முழுமையிலும் என்க.

மடக்கும் திரிபும்

சிலேடையில் ஒரு சொல் ஒருமுறை வந்து இரண்டு பொருள் தரும். மடக்கிலோ, அதே எழுத்துத்தொடர் மீண்டும் மீண்டும் வந்து, வருந்தோறும் வேறு பொருள் தரும். வடநூலார் இதனை யமகம் என்பர். ‘மாலைப்பொழுதில் மாலை சாத்தி மாலை ஒழித்தான்’ எனின், முதலது அந்தி, அடுத்தது பூந்தொடை, மூன்றாவது மயக்கத்தை என்னும் பொருளுடைய ‘மால் ஐ’ என்பது. அடியின் முதல், இடை, கடை என நிற்குமிடம் பற்றியும், ஓரடி முதல் நான்கடி வரை பரந்து வருதல் பற்றியும் மடக்கினைப் பலவாக விரித்தனர் அணிநூலார்.

முதலெழுத்து ஒன்றே வேறாகி ஏனையவை ஒத்துவருவது திரிபு. கமலம், அமலம், விமலம், நிமலம் என்பவற்றை நோக்குக. நான்கினும் ‘மலம்’ என்னும் ஒலி உளது. ஆயின் முதலதில் அது தாமரையின் பெயர்க்கு ஓர் உறுப்பேயாய் நிற்க, ஏனையவற்றில் மலமின்மையைக் குறித்தற்கு வந்தது. ஒலி ஒன்றாயினும் பொருள் ஒன்றாகாது என்பதே இவ்விருவகை அணியும் கற்பிக்கும் பாடம்.

நான்கடியும் ஓரடியேயாகி, அவ்வடியே நான்குமுறை வந்து நான்கு பொருள் தருவது ஏகபாதம். சம்பந்தப்பெருமானார் திருவேகபாதப் பதிகத்தில் 12 செய்யுட்களை இவ்வாறு அருளினர். சீகாழிக்குப் பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் என வழங்கும் 12 பெயர்களும் முறையே அங்குப் போற்றப்படுகின்றன. பதிகத்தின் வடிவினை அத்தலத்தின் பெயர்வரிசையே வகுத்தது.

கருணபரம்பரைக் கதையொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. வாதில் தோற்றாரது காதை அறுத்துவந்த வில்லிபுத்தூராரொடு அருணகிரிநாதர் வாதிட்டனர் என்றும், 100 செய்யுளுடைய கந்தரந்தாதியை அவர் பாடப்பாட வில்லிபுத்தூரார் உடனுக்குடன் உரை கூறிவந்தனர் என்றும், தகர வருக்கத்தாலேயே அமைந்த 54-ஆம் செய்யுளில் உரை காணாது நின்றனர் என்றும் சொல்வர். வென்ற அருணகிரியார் காதை அறுக்கவில்லை. அக்கொடிய வழக்கத்தையே நிறுத்தச் செய்தனர் என்பது கதையின் முடிவு. சொல்லின் அருமை பிறரை வருத்துதற்குக் கருவியாதல் கூடாது என்பதே இதன் உள்ளீடு.

சித்திரகவி

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவி நால்வகைப்படும். அவற்றுட் சித்திரகவியை மிறைக்கவி எனவும் கூறுவர். மிறை என்பது வருத்தம். தண்டியலங்காரம் கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்து வருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் எனச் சித்திரகவி 12 கூறும். இவற்றுட் சிலவற்றை மட்டும் விளக்குவாம்.

எருது நடந்துகொண்டே நீர்விடுங்கால் நிலத்தில் உண்டாகும் வளைவுக்கோடு கோமூத்திரி. இரண்டு அடிகளை மேலுங்கீழுமாக எழுதி, அக்கோடு செல்லுமாறு ஒன்றுவிட்டொன்றாகப் படிப்பினும் அவ்வடிகளே வரும். அக்கரச்சுதகம் என்பது எழுத்தை நீக்கிச் சொல் காண்டல். கமலம் என்பதில் முதலெழுத்தை நீக்கின் மலம்; இரண்டாம் எழுத்தை நீக்கின் கலம்; மூன்றாம் எழுத்தை நீக்கின் நிறைவென்னும் பொருளுடைய கமம். இதனையே மறித்து, எழுத்தைச் சேர்த்துக்கொண்டு செல்வது எழுத்து வருத்தனம். வினாவுத்தரம் என்பது பல வினாக்களின் விடைகளைக் கூட்டி ஒரு பெயர் காண்டல். செல்வத்திற்குப் பெயர் யாது? திரு. சோழர் சூடும் மாலை யாது? ஆர். மக்கள் கூடி வாழுமிடம் யாது? ஊர். மூன்றும் கூடின் திருவாரூர்.

இதழ் குவியாமலும் ஒட்டாமலும் பாடுவது நிரோட்டம். உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்களும், ப, ம, வ என்னும் மெய்களும் இதில் வரலாகா. துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியில் நிரோட்டம், யமகம், அந்தாதி என்னும் மூன்று கட்டுக்களையும் ஒருங்கே மேற்கொண்டனர். இதன் அருமையை அறிய வேண்டின், முருகன், குமரன், வேலன் என்னும் பெயர்களையும், வேல், மயில் என்னும் சொற்களையும் கூறாமலே செவ்வேளைப் பாட முயன்று பார்க்க. செந்தில், கந்தன் எனலாம். வேலை அயில் என்றும், மயிலைச் சிகி என்றும் கூறலாம். பழக்கத்தால் நாவிற்கு வரும் பெயர்களெல்லாம் தடைப்பட, ஒவ்வொரு சொல்லையும் நினைந்தே எடுக்கவேண்டியதாகும்.

முதலினின்றும் இறுதியினின்றும் படிப்பினும் ஒன்றாய் நிற்பது மாலைமாற்று. விகடகவி, தேரு வருதே, மோரு போருமோ என்பன உலகவழக்கில் உள்ளன. இது தமிழில் ஒலியின் தலைகீழாக்கம் அன்று. எழுத்தின் தலைகீழாக்கம் என்பது கருதத்தக்கது. உயிர்மெய்யை ஓரெழுத்தாகவே கொண்டு திருப்புகின்றோம். ககரமும் அகரமும் இடம் மாறுவதில்லை. புள்ளிபெற்ற மெய் இடையே வரின், திருப்புங்கால் அது ஏற்ற இடத்தில் வந்து வீழ்வது அரிது. இதனாலேதான் சம்பந்தப்பெருமானாரது திருமாலைமாற்றில் நெட்டெழுத்துக்கள் மிகுந்தும், புள்ளியெழுத்துக்கள் இன்றியும் அமைந்தன. 11 செய்யுளினும் ஈரடியுள் முன்னடியைத் திருப்பிப் படிப்பின் அதுவே பின்னடியாம். காழி என்னும் பெயர் நீண்டு நின்று, திரும்புமிடத்து எழுத்து மாறி வருதலையும் ஆங்குக் காணலாம்.

ஒன்று முதலாக எண்ணேறியும் இறங்கியும், மீண்டும் முன்னையினும் ஓரெண் மிகுந்து ஏறியும் இறங்கியும், ஏழுவரை சென்று மீள்வது எழுகூற்றிருக்கை. தேர்வடிவில் எழுதப்பெறுதலின் இரதபந்தம் எனவும் வழங்கும். சம்பந்தர், நக்கீரதேவர், திருமங்கையாழ்வார், அருணகிரிநாதர் ஆகியோர் இதனைப் பாடியுள்ளனர். ஏழு அறை வகுத்துச் சிறுவர் உள்ளே புகுந்தும் வெளியே போந்தும் ஆடும் விளையாட்டின் முறையினை உடையது இது என்று யாப்பருங்கல விருத்தி இதன் இலக்கணத்தை விளக்குகின்றது. தெருவிற் பிள்ளைகள் ஆடிய ஆட்டமே திருமுறையின் ஒரு யாப்பாயிற்று என்பது இதனாற் பெறப்படும்.

பிசி

சொல்லன்றிப் பொருளையே மறைத்து வினாவுதல் பிசி. தொல்காப்பியர் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என யாப்பு ஏழனுள் இதனையும் வைத்தனர். நொடி என்றும் விடுகதை என்றும் இன்று வழங்குவது இதன் வழியே வந்தது. திருமூலநாயனார் ஒன்பதாந் தந்திரத்துச் சூனிய சம்பாஷணை என்னும் பகுதியில் சித்தாந்தப் பொருளைப் பிசிவடிவிலேயே வைத்தனர். மேய்ப்பாரின்றித் திரியும் ஐந்து பசுக்களைக் கூறுமிடத்து, அவை ஐம்பொறிகள் என உணர்ந்தார்க்கே பாட்டுத் திறக்கும். பசு என்னும் சொல் ஆவினையும் கட்டுண்ட உயிரையும், பாசம் என்னும் சொல் கயிற்றினையும் மலத்தினையும் உணர்த்துதலைக் கற்றவர்க்கு இத்தகைய மறைபொருள் அயலாகத் தோன்றாது.

இவை வீண்தொழிலோ?

சித்திரகவி வெறும் சொற்கூத்து; இதனால் உள்ளம் உருகுதல் இல்லை என்பார் உளர். வடமொழியில் காவியாதர்சம் இயற்றிய தண்டியாசிரியரே, புதிர்ச்செய்யுட்கள் விளையாட்டவையிலும், பலர் கூடியவிடத்து மறைவாக ஒன்று உரைத்தற்கும், பிறரை மயக்குதற்கும் பயன்படும் என்ற அளவில் நிறுத்தினர். பிற்காலத்து மிறைக்கவிகளுட் பல புலமையைக் காட்டுதற்கே எழுந்தன என்பதும் மறுக்கத்தக்கதன்று.

அற்றேல், சம்பந்தப்பெருமானார் இவற்றை அருளியது யாது கருதி எனின், கூறுதும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் மொழிமாற்று, மாலைமாற்று, இயமகம், ஏகபாதம், எழுகூற்றிருக்கை முதலியவற்றை நிரல்படக் கூறி, இவற்றை மூல இலக்கியம் என்று சிறப்பித்தனர். பின்வந்த புலவர் பலர்க்கு வழிகாட்டியாய் நின்றது இவ்விலக்கியமே என்பது அதனால் விளங்கும். அன்றியும், மொழி இறைவன்பாற் செலுத்தப்படுங்கால் அதன் எவ்வாற்றலும் எஞ்சி நிற்றல் வேண்டா. இசை ஒரு பதிகத்தில் மேலோங்கி நிற்பின் குறையென்பார் இல்லை; எழுத்தின் ஆற்றல் ஒரு பதிகத்தில் மேலோங்கி நிற்பின் அது மட்டும் குறையாதல் யாங்ஙனம்?

இன்னும் ஒரு பயன் உண்டு. எளிய பாட்டை நா விரைந்து ஓதிவிடும். உள்ளம் அதனுடன் செல்லாமலும் இருக்கலாம். மடக்கினையும் ஏகபாதத்தினையும் அவ்வாறு ஓதிக் கடத்தல் இயலாது. ஒரே அடியை நான்காம் முறை ஓதுவான், இம்முறை யாது பொருள் என்று நின்று நினைந்தே ஆகல் வேண்டும். ஒன்றிலிருந்து பலவாய் விரிந்து மீண்டும் ஒன்றில் ஒடுங்கும் எழுகூற்றிருக்கையை ஓதுங்கால், தோற்றமும் ஒடுக்கமும் பற்றிய சிவஞானபோத முதற்சூத்திரப் பொருள் நினைவிற்கு வருதல் இயல்பு. பதிகத்தின் கருத்தே அதுவென்று துணிந்து கூறுதல் நம் கடனன்று; ஓதுவார்க்கு அஃது ஒரு சிந்தனைப் பொருளாகும் என்ற அளவே போதும்.

சாத்திரத்தில் எல்லை

இனி, இவ்விளையாட்டு நிற்றற்குரிய எல்லை யாதெனில், அணியில் இரண்டு பொருளும் ஆசிரியனால் கருதப்பட்டவை. ஒன்றை விடுதல் குற்றம். சாத்திரத்தில் ஒரு பொருளே கருதப்பட்டது. மற்றதனைக் கொள்ளுதல் குற்றம். இவ்வேறுபாட்டை மறப்பின், ஒரெழுத்தாலும் கொள்கை மாறிவிடும்.

அத்துவிதம் என்னும் சொல்லே இதற்குச் சான்று. இதன் முன்னின்ற எதிர்மறை இன்மை, அன்மை, மறுதலை என்னும் மூன்று பொருளிலும் வழங்கும். அரூபம் என்பதில் உருவம் இன்மை; அப்பிராமணன் என்பதில் பிராமணன் அன்மை; அதருமம் என்பதில் தருமத்திற்கு மறுதலை. அத்துவிதம் என்பதை இன்மைப்பொருளிற் கொண்டு, இரண்டாவது பொருளே இல்லை என்பர் ஏகான்மவாதிகள். மறுதலைப்பொருளிற் கொள்ளின் சொல் வேறோர் திசைக்குச் செல்லும். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் சிவஞானபோத இரண்டாஞ் சூத்திரத்து, ஒன்றென்று சுட்டுவதொன்று உண்மையால் ஒன்றே உளதென்றல் கூடாதெனக் காட்டி, அத்துவிதம் என்னும் சொல் பிறிதாய் நிற்றலையே விலக்குகின்றது என்று தெளிவித்தனர். 1785-இல் இறைவனடி சேர்ந்த சிவஞான முனிவர் தம் மாபாடியத்தில் இவ்வெதிர்மறைப் பொருள்களை ஆராய்ந்து அன்மைப்பொருளே இங்குக் கொள்ளத்தக்கது என நிறுவினர்.

இத்துணிவு விருப்பத்தால் எழுந்ததன்று என்பதைத் தொல்காப்பியமே நமக்குக் காட்டும். பலபொருள் ஒருசொல் இன்னபொருட்டென்பது வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளியப்படும் என்பது கிளவியாக்கத்து விதி. மா காய்த்தது எனின் வினையால் மரம் என்பதும், மாவும் பலாவும் எனின் இனத்தால் அதுவென்பதும், போர்க்கோலம் பூண்டவன் மா கொண்டுவா எனின் சார்பால் குதிரை என்பதும் விளங்கும். அம்முறையை இங்கே வைத்து நோக்குக. எதிர்மறைக்குப் பின் நிற்பது எண்ணுப்பெயர். அவ்வினத்ததாகிய அநேகம் என்னும் சொல்லில், ஏகம் என்பதொன்று இல்லை என்று எவரும் பொருள் கொள்ளார். ஒன்றன்று, பல என்றே கொள்வர். அவ்வாறே அத்துவிதம் என்பதும் இரண்டன்று என்ற அளவில் நிற்கும். இரண்டாவதொன்று இல்லை என்ற அளவிற்குச் செல்லாது. சார்பு நோக்கினும், இறைவனும் உயிரும் பொருளால் வேறாயும் கலப்பால் ஒன்றாயும் நிற்கும் நிலையை உரைக்கும் இடமாதலின், அன்மைப்பொருளே ஆங்கு இயைகின்றது.

ஆதலின், மடக்கும் சிலேடையும் பயின்றவன் சாத்திரத்தில் தவறிவிடுவான் என்று அஞ்சவேண்டா. உண்மை அதற்கு மாறானது. ஒரு சொல் எத்தனை வழியிற் பிரியும் என்று விளையாட்டில் அறிந்தவனே, பொருளாராய்ச்சியில் எவ்வழி பொருந்தாது என்பதையும் விரைந்து காண்பான். மாபாடியம் இயற்றிய சிவஞான முனிவரே காஞ்சிப்புராணமும் அந்தாதிகளும் பாடிய பெருங்கவியுமாவர். கவியின் நாவும் சாத்திரியின் கண்ணும் ஒருவரிடத்தே அமைதல் கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அன்பர்கள் திருமாலைமாற்றினையும் திருவேகபாதத்தினையும் இனி ஓதுங்கால், முதலில் சொற்பிரிப்பினை உரையுடன் ஒப்பிட்டு, ஓரடியேனும் தாமே பிரித்துப் பார்த்தல் நன்று. உரையாசிரியர் சொற்களைப் பிரிக்குமிடத்து ஏன் அவ்வாறு பிரித்தனர் என்று வினை, இனம், சார்பு மூன்றாலும் வினவுக. அவ்வாறு பழகிய நாவிற்குத் திருமுறையின் இன்பமும் மிகும். சாத்திரத்தின் தெளிவும் கைகூடும்.